மூன்று நொடி நினைவும் ஒரு மக்னீசியம் அயனியும்

“குரல் கேட்பது நின்று இரண்டு வருஷமாகிறது. மாத்திரையும் தவறாமல் போடுகிறார். ஆனால் கடைக்கு அனுப்பினால் சொன்ன நாலு சாமானில் ஒன்றோடுதான் திரும்புகிறார். இது சோம்பேறித்தனமா?” மனச்சிதைவு நோய் உள்ள அண்ணனைப் பற்றி ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

சோம்பேறித்தனம் இல்லை. மனச்சிதைவு என்றதும் நமக்குக் காதில் விழும் குரல்களும் காரணமற்ற சந்தேகமும்தான் நினைவுக்கு வருகின்றன. அவற்றோடு கவனம், நினைவு, யோசிக்கும் வேகம் ஆகியவையும் குறைகின்றன. பலருக்கு இந்தக் குறைவு, குரல் கேட்கத் தொடங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே, பள்ளி வயதிலேயே லேசாகத் தலைகாட்டிவிடுகிறது. 1952இல் குளோர்புரோமசின் என்ற மருந்து வந்தது. அதுவும் அதன் வழிவந்த மருந்துகளும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைப் பிடிக்கும் டி2 ஏற்பிகளை அடைத்துக் குரல்களை அடக்கின. நினைவையும் கவனத்தையும் அவை பெரிதாக மீட்டுத் தரவில்லை. ஒருவர் வேலையில் நிலைப்பாரா, தனியாக வீடு நடத்துவாரா என்பதோ குரல்களைவிட இந்தத் திறன்களைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது.

இதை அளக்க ஒரு தாளும் பென்சிலும் கடிகாரமும் போதும். தாளின் மேலே 1 முதல் 9 வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குறி. அதற்குக் கீழே அதே எண்கள் வரிசை வரிசையாகக் கலைந்து கிடக்கும். 90 நொடிக்குள் எத்தனை எண்களுக்குச் சரியான குறி போட முடிகிறது என்று எண்ண வேண்டும். இரண்டு மூன்று ஜோடிகள் மனதில் தங்கிவிட்டால் மேலே பார்க்காமலே கை ஓடும். தங்காவிட்டால் ஒவ்வொரு கட்டத்துக்கும் கண் மேலே போய்வர வேண்டும். நலமாக உள்ள 100 பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், மனச்சிதைவு உள்ளவர்களின் சராசரி இந்தத் தேர்வில் கடைசி 10 பேருக்குள் விழும். சராசரிதான் அது. எந்தக் குறையும் தெரியாத நோயாளிகளும் உண்டு.

சரி, ‘மனதில் தங்குவது’ என்றால் மூளைக்குள் என்ன நடக்கிறது? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா கோல்ட்மன்-ரகீச்சும் உடனிருந்தவர்களும் 1989இல் வெளியிட்ட குரங்குச் சோதனை இதை அழகாகக் காட்டியது. குரங்கு திரையின் நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும். சுற்றியுள்ள 8 இடங்களில் ஏதோ ஒன்றில் அரை நொடி வெளிச்சம் மின்னி மறையும். சில நொடிகள் திரையில் ஒன்றும் இருக்காது. பிறகு, மின்னிய இடத்துக்குக் குரங்கு கண்ணைத் திருப்ப வேண்டும். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் புறணியில் சில நரம்பணுக்கள், திரை வெறுமையாக இருக்கும் அந்த நொடிகள் முழுக்கத் துடித்துக்கொண்டே இருந்தன. வலதுபுற மேல்மூலைக்கு ஒரு கூட்டம், இடதுபுறக் கீழ்மூலைக்கு இன்னொரு கூட்டம். துடிப்பு நடுவில் அறுந்தபோது குரங்கு பெரும்பாலும் தவறான இடத்தைப் பார்த்தது.

இதற்குச் செயல் நினைவு என்று பெயர். எங்கும் பதிந்துவைக்காமல், துடிப்பை அணையவிடாமல் காப்பதாலேயே நிற்கும் நினைவு இது. ஒரு கூட்டத்து நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருக்கின்றன. பஜனையில் ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் ஸ்வரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வாரே, அதுபோல.

இழுத்துப் பிடிக்கும் வேலையைச் செய்வது, நரம்பணுவின் மேற்பரப்பில் வாயில்போல் திறந்து மூடும் என்எம்டிஏ ஏற்பி என்ற புரதம். நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டப் பயன்படுத்தும் வேதிப்பொருள் குளூட்டமேட். அதைப் பிடிக்கும் சாதாரண ஏற்பிகள் சில மில்லிநொடிகளில் திறந்து மூடிவிடும். அவை மட்டும் இருந்தால் அடுத்த அணு பாடத் தொடங்குவதற்குள் ஸ்வரம் அறுந்துபோகும். என்எம்டிஏ அப்படியல்ல. அது திறக்க மூன்று காரியங்கள் கூடிவர வேண்டும். பக்கத்து அணுவிடமிருந்து குளூட்டமேட் வர வேண்டும். கிளைசின் அல்லது டி-செரின் என்ற துணை மூலக்கூறு ஏற்கெனவே அமர்ந்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் அற்புதம். ஓய்விலிருக்கும் அணுவின் உட்புறம், வெளியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மையுடன் இருக்கும். அந்த ஈர்ப்பில் நேர்மின் தன்மையுள்ள ஒரு மக்னீசியம் அயனி வந்து வாயிலின் துளையில் தக்கைபோல் அடைத்துக்கொள்ளும். அணு ஏற்கெனவே தூண்டப்பட்டிருந்தால் மட்டுமே ஈர்ப்பு தளர்ந்து தக்கை வெளியேறும். பிறகு சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும். வாயில் மூட 50 முதல் 100 மில்லிநொடி ஆகும். ஆக, பாட்டில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட அணுவுக்கு மட்டும் நீண்ட மூச்சு கிடைக்கிறது, சும்மா இருக்கும் அணு சும்மாவே இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை ஓர் அயனி தீர்மானிக்கிறது! அடுத்த கூட்டம் நடுவில் புகுந்து குழப்பாமல் அடக்கிவைக்கத் தனியாகத் தடுப்பணுக்கள் உண்டு. மனச்சிதைவு உள்ளவர்களின் மூளையை இறப்புக்குப் பின் ஆராய்ந்தபோது, இவற்றில் தடுப்புவேதியைத் தயாரிக்கும் நொதி குறைந்திருந்தது.

மனச்சிதைவில் என்எம்டிஏதான் இடறுகிறது என்பதற்குத் தனித்தனி வழிகளில் சான்றுகள் வந்துள்ளன. மயக்க மருந்தான கீட்டமின் இந்த வாயிலை அடைக்கும். நலமானவர்களுக்கு அதைக் குறைந்த அளவில் கொடுத்தபோது செயல் நினைவு தடுமாறியதோடு, மனச்சிதைவை ஒத்த எண்ணங்களும் தலைதூக்கியதை 1994இல் கண்டார்கள். 24,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, அரிதான மாற்றங்களால் நோய் அபாயத்தைக் கூட்டும் 10 மரபணுக்களைச் சுட்டியது. அவற்றில் ஒன்று இந்த ஏற்பியின் ஒரு பகுதியை உருவாக்குவது. 2007இல் விவரிக்கப்பட்ட இன்னொரு நோயில், உடலின் சொந்த எதிர்ப்பொருள்களே என்எம்டிஏ ஏற்பிகளைக் குலைக்கின்றன. பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வரும். திடீரென்று பிதற்றல், வலிப்பு, வாய் கோணல். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போகும் ஒவ்வொரு நாளும் இந்த நோயில் மூளைக்கு இழப்பு. நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சையை விரைவில் தொடங்கினால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

கிளைசினைக் கூட்டினால் வாயில் எளிதாகத் திறக்குமே என்ற எண்ணத்தில் உருவான ஐக்லெபெர்டின் மாத்திரை, மூன்றாம் கட்டச் சோதனைகளில் பலன் காட்டவில்லை என்று 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. இதைக் காரணமாக்கி இந்தத் துறைக்கான பணத்தை நிறுத்துவது பெரிய தவறு. சாவி வேலை செய்யாததால் பூட்டு பொய்யாகிவிடாது. மாத்திரை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பயிற்சியாளர் உடனிருந்து நடத்தும் அறிதிறன் மீட்புப் பயிற்சி மிதமான பலன் தருகிறது என்று 2011இல் 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் காட்டியது. தொழில் பயிற்சியோடு இணைத்தால்தான் பலன் வாழ்க்கைக்குள் இறங்குகிறது. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் இதற்கென்று ஓர் ஆளை நியமிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகி உடனே பார்க்க வேண்டியது மருந்துச்சீட்டு. கை நடுக்கத்துக்கும் உடல் விறைப்புக்கும் சேர்த்துத் தரப்படும் டிரைஹெக்ஸிபெனிடில், நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுப்பதால் நினைவை மேலும் மங்கவைக்கும். நடுக்கம் நின்ற பிறகும் அது வருடக்கணக்கில் சீட்டில் தொடர்வதுண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள், விறைப்பு திரும்பிவிடும். ‘இது இன்னும் தேவையா, மெல்லக் குறைக்கலாமா?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைக்கு அனுப்பும்போது வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். நடுவில் ஒரு பைக் ஹாரன் அடித்தாலே துடிப்பு அறுந்துவிடும். அரை கிலோ உளுந்து, கால் கிலோ துவரம்பருப்பு, ஒரு தேங்காய், ஒரு சோப்பு என்று வரிக்கு ஒன்றாக எழுதிக் கொடுங்கள். கிளம்பும் முன் ஒருமுறை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு சாமானைப் பைக்குள் போட்டதும் அந்த வரியை அடித்துவிட வேண்டும், அதற்கு ஒரு பேனாவும் சட்டைப்பையில் இருக்கட்டும்.