ஐசியூ நிமோனியா வாயில் தொடங்குகிறது

ஆஸ்பத்திரியில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் நிமோனியாவை ஆஸ்பத்திரியிலேயே தொற்றியதாகக் கணக்கில் எடுப்பார்கள். தலையில் அடிபட்டோ பக்கவாதத்தாலோ வந்தவர் தேறிவரும் நேரத்தில் புதிதாகக் காய்ச்சல் அடிக்கும், கோழை கட்டும், மூச்சுத் திணறும். ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் நினைப்பார்கள். பெரும்பாலும் அந்தக் கிருமி இறங்குவது நோயாளியின் வாயிலிருந்துதான்.

தூங்கும்போது நம் எல்லோருக்குமே கொஞ்சம் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகத்தான் செய்கிறது. இருமலும், சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளும் அதை வெளியேற்றிவிடும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. மயக்க மருந்து இருமலை அடக்கிவிடும். வாய் வழியாகச் செருகிய டியூப், குரல்வளையை மூடவிடாது. டியூபின் கீழ்முனைக்குச் சற்று மேலே காற்றடைத்த சின்ன பலூன் ஒன்று உண்டு. காற்று கசியாமல் அடைப்பது அதுதான். ஆனால் அதற்கு மேலே தேங்கும் எச்சில், பலூனின் மடிப்புகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கசியும். சரி, பலூனை இன்னும் இறுக்கலாமே? இறுக்கினால் மூச்சுக்குழாய்ச் சுவருக்கு ரத்தம் போகாமல் புண்ணாகிவிடும். இதுபோக, டியூபின் உட்புறத்திலும் கிருமிகள் வழவழப்பான படலம் கட்டிக் குடியேறும். அதற்குள் ஆன்டிபயாடிக் சரியாக ஊடுருவாது.

சில நாள் ஐசியூவில் இருந்தாலே வாயில் வாழும் கிருமிகள் மாறிவிடுகின்றன. வழக்கமானவை குறைந்து கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் எல்லாம் இடம்பிடிக்கும். நம் நாட்டு ஐசியூக்களில் பெரிய தலைவலி அசினெட்டோபாக்டர். கட்டில் கம்பியிலும் மானிட்டர் பட்டனிலும் காய்ந்த நிலையில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கை வழியாக அடுத்த நோயாளிக்குப் போகும்.

கோழையை கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சோதனைக்கு அனுப்பினால், ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக 'ஆர்' என்று வரும். அந்த மருந்து அந்தக் கிருமியிடம் பலிக்காது என்று பொருள். மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறில் நான்கு அணுக்களாலான வளையம் ஒன்று இருக்கிறது. கிருமியின் சுவரைப் பின்னும் நொதியில் அந்த வளையம் ஒட்டிக்கொண்டால் சுவர் வேலை நின்று கிருமி சாகும். அசினெட்டோபாக்டரோ ஆக்ஸா-23 போன்ற நொதியைச் சுரந்து, வளையத்தை முன்னதாகவே வெட்டிவிடுகிறது. அதையும் மீறி உள்ளே வரும் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளவும் அதனிடம் பம்புகள் உண்டு.

அப்புறம் கைக்கு வருவது கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பல பத்தாண்டுகளுக்கு முன் ஓரங்கட்டிய மருந்து அது. கிருமியின் வெளிப்படலத்தில் உள்ள ஒரு கொழுப்புப் பொருளைப் பற்றித்தான் அது படலத்தைக் கிழிக்கும். சில அசினெட்டோபாக்டர்கள் அந்தப் பொருளையே செய்யாமல் விட்டுத் தப்பித்துவிடுகின்றன. நரம்பில் ஏற்றினால் கொலிஸ்டின் நுரையீரலுக்குப் போதிய அளவில் போய்ச் சேர்வதும் இல்லை.

மருந்து இவ்வளவு திணறும் இடத்தில், பல் தேய்ப்பதைச் சில்லறை வேலையாக நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 15 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2023இல் வெளியான கட்டுரை, தினமும் பிரஷ்ஷால் பல் தேய்த்துவிட்ட நோயாளிகளிடம் இந்த நிமோனியா சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகக் காட்டியது. வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்குப் பலன் அதிகம். தினம் இருமுறை தேய்த்தாலே போதுமானதாக இருந்தது. கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துவது, மயக்க மருந்தைக் குறைத்து டியூபை எடுக்க முடியுமா என்று தினமும் பார்ப்பது, நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கைகழுவுவது எல்லாம் இதோடு சேர்ந்தவை.

உள்ளே இருப்பவர் உங்கள் அப்பாவோ அம்மாவோ என்றால், "இன்னைக்குப் பல் தேய்ச்சாச்சா சிஸ்டர்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். வார்டுக்கு மாற்றிய பிறகும் படுத்த வாக்கில் கஞ்சி புகட்டாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள். கொடுத்தபின் அரைமணி நேரமாவது அப்படியே சாய்ந்து உட்கார்ந்திருக்கட்டும்.