சப்ஸ்ட்ரேட்: படுகை

மீன்தொட்டியின் அடியில் பரப்பும் மணல், சரளை, மண் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் சப்ஸ்ட்ரேட். லத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். 'சப்' என்றால் கீழே. 'ஸ்டிராட்டம்' என்றால் விரிக்கப்பட்டது. ரோமானியர் படுக்கை விரிப்பையும் ஸ்டிராட்டம் என்றே அழைத்தார்கள்.

எந்திர மொழிபெயர்ப்பு இதை 'அடி மூலக்கூறு' ஆக்கிவிடுகிறது. நொதி எந்த மூலக்கூறின்மீது வினைபுரிகிறதோ அதற்கும் உயிர்வேதியியலில் சப்ஸ்ட்ரேட் என்றே பெயர். அந்தக் குழப்பம் மீன்தொட்டிக்குள்ளும் புகுந்துவிட்டது. கைநிறைய அள்ளும் மணலை மூலக்கூறு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 'அடித்தளம்' பிழையில்லை என்றாலும் கட்டடத்தைத்தான் நினைவூட்டுகிறது. 'படுகை' இருக்கும்போது வேறு சொல் எதற்கு? 'படு' என்ற வினையில் பிறந்தது. ஆறு படுத்திருக்கும் இடம் ஆற்றுப்படுகை. படுக்கையை நினைத்தே லத்தீனும் தமிழும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. காவிரிப் படுகை என்னும்போது வயல்வெளியும் அதில் அடங்கும் என்பது உண்மைதான். மணற்படுகை, சரளைப்படுகை என்று சேர்த்து எழுதினால் மயக்கம் வராது. அடியில் எதுவும் பரப்பாத தொட்டியை 'வெறுந்தரைத் தொட்டி' எனலாம்.

தென் அமெரிக்க ஓடைகளைச் சேர்ந்த கோரிடோராஸ் கெளுத்திக்குப் படுகை என்பது அலங்காரமன்று. மெல்லிய மணலில் அது இரை தேடுவதைக் கவனியுங்கள். கண்வரை முகத்தைப் புதைத்து ஒரு வாய் மணலை அள்ளும். இரையை வைத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியே புகைபோல வெளியே விடும். வெறுந்தரையில் இந்த வேலைக்கே வழியில்லை. மீசையால் கண்ணாடியைத் தடவிக்கொண்டு திரியும்.

வெறுந்தரையைக் குறை சொல்லவும் முடியாது. குஞ்சு வளர்ப்பவர்களுக்கும் நோயுற்ற மீனைத் தனியே வைப்பவர்களுக்கும் அதுவே வசதி: கழிவும் மிஞ்சிய தீனியும் உடனே கண்ணில் படும், குழாய் வைத்து உறிஞ்சிவிடலாம். கூர்மையான சரளைதான் இந்த மீனுக்கு ஆகவே ஆகாது. இடுக்குகளில் விழுந்த தீனி அழுகும், பாக்டீரியா பெருகும், மீசை கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து குட்டையாகும். அதற்கு வெறுந்தரை எவ்வளவோ மேல்.

நிரந்தரத் தொட்டி என்றால் என் தேர்வு மணற்படுகைதான். 2 முதல் 3 சென்டிமீட்டர் போதும். கடற்கரை மணல் வேண்டாம், சிப்பித்தூள் கரைந்து நீரின் கடினத்தன்மை ஏறும். வாங்கும் முன் ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள்; உறுத்தினால் அந்த மணலை வாங்காமல் விட்டுவிடுங்கள்.