பழைய ரீலுக்குப் பார்ட்ஸ் கேட்கும் முன் அதன் பாதத்தைப் பாருங்கள்

தூண்டில் ரீல்களைப் பழுதுபார்க்கும் வேலையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “கடையில கேட்டுட்டேன் அண்ணே, பார்ட்ஸ் வர்றதில்லையாம். புதுசு வாங்கிக்கச் சொல்றாங்க.” சிங்கப்பூரில் பிடோக் ஜெட்டியிலும் சாங்கியிலும் வருஷக்கணக்கில் மீன் இழுத்துக் கொடுத்த ரீல், ஒரு வெள்ளி விலையுள்ள ஸ்பிரிங்குக்காகக் குப்பைக்குப் போவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. பல சமயம் அந்தப் பாகம் எங்கேயோ ஒரு கடையில் கிடக்கிறது. கேட்ட விதத்தில்தான் கோளாறு.

“ஷிமானோ ஸ்டெல்லா 4000-க்குக் கைப்பிடி ஸ்குரூ வேணும்” என்று கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துத் தருவார்? முதல் ஸ்டெல்லா 1992-இல் வந்தது. அப்புறம் 95, 98, 2001, 2004, 2007, 2010 என்று மாறிக்கொண்டே இருக்கிறது. பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு.

ஆகவே ரீலைக் கம்பிலிருந்து கழற்றி, கம்போடு பொருந்தும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். உப்புக்கறை படிந்திருந்தால் பழைய பல் பிரஷால் தேய்த்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்வீடனில் செய்த பழைய அபு கம்பெனி அம்பாசடர் ரீல்கள் பலவற்றில் அங்கே ஓர் எண் குத்தியிருக்கும். 780300 என்றால் 1978, மூன்றாம் மாதம். அந்த எண்ணை வைத்துத்தான் அந்த வடிவத்துக்குரிய பாகப் படத்தைத் தேட வேண்டும். ரீலின் ஒவ்வொரு உறுப்பையும் பிரித்து வரைந்து, பக்கத்தில் எண் போட்டிருக்கும் தாள் அது. பெட்டியோடு வந்திருந்தால் தயவுசெய்து எறியாதீர்கள். அமெரிக்காவின் பென் ரீல்களில் பாக எண்ணே பாதி விவரம் சொல்லிவிடும்: 5-500 என்றால் ஜிக்மாஸ்டர் 500-இன் பெரிய பல்சக்கரம், 13-500 அதோடு சேரும் சின்னப் பல்சக்கரம்.

எண் கையில் இருந்தால் இன்னொரு லாபம். ஒரே குடும்பத்து ரீல்கள் பல பாகங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. உங்கள் மாடல் எப்போதோ நின்றுபோயிருக்கலாம். அதே எண்ணுள்ள பாகம் வேறொரு மாடலின் படத்தில் இருந்தால் அதையே தாராளமாக வாங்கலாம்.

அம்பாசடரில் அதிகம் கெடுவது எது தெரியுமா? லைனை இடமும் வலமும் நகர்த்திச் சுற்றும் அமைப்பில் ஒரு சின்ன உலோகத் துண்டு. ஆங்கிலத்தில் பால் (pawl) என்பார்கள். லைன் போகும் வளையத்துக்கு அடியிலுள்ள மூடியைத் திருகினால் உள்ளங்கையில் விழும், அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக. முனை தேய்ந்துபோனால் வளையம் ஒரு ஓரத்திலேயே நின்றுவிடும், லைன் ஒரே இடத்தில் மேடு கட்டும். விலை கொஞ்சம்தான். ஆனால் தேய்ந்த பாலோடு மாதக்கணக்கில் ஓட்டினால், அது ஓடும் திருகுத் தண்டின் பள்ளங்களும் சிதைந்துவிடும், செலவும் ஏறிவிடும். பால் மாற்றும்போது தண்டை விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டினால் அதையும் மாற்றிவிடுங்கள்.

பேரிங்குக்காக ரீல் கம்பெனியைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. அம்பாசடர் 5500, 6500 மாடல்களில் லைன் சுற்றும் உருளையான ஸ்பூலின் பேரிங்கை அளந்தால் உள்விட்டம் 3 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 10, தடிமன் 4. உலகம் முழுக்க 623 என்று விற்கும் சாதாரண அளவு அது. பேரிங் கடையில் எண்ணைச் சொன்னால் போதும். ஸ்டெயின்லெஸ் என்று மட்டும் அழுத்திக் கேளுங்கள், மற்றது கடல்தண்ணீருக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும். மீன் இழுக்கும்போது லைனுக்குப் பிரேக் போடும் டிராக்கின் வாஷரும் இப்படித்தான். தோலும் ஃபெல்ட்டும் கருகிப்போன பழைய ரீல்களுக்குக் கார்பன் ஃபைபர் தகட்டில் அளவெடுத்து வெட்டிப் போடலாம்.

நிஜமாகவே கஷ்டம் பல்சக்கரத்தில்தான். பெரியதும் சின்னதும் ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை. ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் கரகரவென்று சத்தம் வரும், புதியதும் சீக்கிரம் தேயும். ஜோடியாக மாற்றுங்கள். ஜோடி கிடைக்காவிட்டால், அதே வடிவத்தில் வெளிப்புறம் மட்டும் கெட்ட இன்னொரு ரீலை வாங்கிப் பிரிப்பதுதான் வழி. முன்பு பழைய பொருள் விற்கும் சுங்கை ரோடு சந்தையில் இப்படிப்பட்டதைத் துழாவி எடுப்போம். அது 2017 ஜூலையில் மூடப்பட்டது. இப்போது இணையத்தில் பழைய பொருள் விற்கும் கேரொசலில்தான் தேடுகிறோம். படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். பாதத்தின் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேரில் போனால் டிராக்கை இறுக்கி, ஸ்பூலை ஒரு கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள். பல் தேய்ந்திருந்தால் அந்த எதிர்ப்பில் விரலுக்கே தெரியும்; வெறுமனே சுற்றினால் எல்லா ரீலும் நன்றாகத்தான் சுற்றும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் பாகத்தின் விலையைவிடத் தபால் செலவு அதிகமாகிவிடும். 2023 ஜனவரியிலிருந்து, 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளானாலும் இங்கே ஜிஎஸ்டிக்குப் பதிந்த வெளிநாட்டுக் கடை வரியைச் சேர்த்தே வாங்குகிறது. அதனால் ஒரு ஸ்பிரிங்குக்குத் தனியாக ஆர்டர் போடாதீர்கள். உங்களைப் போலவே பழைய ரீல் வைத்திருக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து, பால், பெய்ல் ஸ்பிரிங் (லைனைப் பிடித்துச் சுற்றும் வளைகம்பியின் ஸ்பிரிங்), டிராக் வாஷர் எல்லாம் இரண்டிரண்டாக ஒரே பொட்டலத்தில் வரவழையுங்கள். உடைந்த பழைய பாகத்தையும் ஒரு சின்ன ஜிப் பையில் போட்டு எண்ணை எழுதி வையுங்கள். வந்தது சரியான பாகம்தானா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட அது வேண்டும்.