‘ஆதாரம் இல்லை’ என்றால் ‘பயன் இல்லை’ என்று அர்த்தமா?

கோவிட் பரவிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் ஒரு காலை, பாளையங்கோட்டை வீட்டில் பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆச்சி கேட்டாள்: “அன்னைக்கி மாஸ்க் வேண்டாம்னாங்க, இன்னைக்கி போடுங்காங்க. எதைத்தான் நம்புறது?” எங்களிடம் பதில் இல்லை.

ஒரு நோய் புதிதாக வரும்போது மருத்துவர்கள் கையில் இருப்பது பழைய நோய்களிடம் கற்ற பாடம்தான். இருமலோ காய்ச்சலோ இல்லாதவர் எந்த அளவுக்குத் தொற்றைப் பரப்புவார், கிருமி காற்றில் மிதந்து போகுமா என்ற இரண்டுமே அந்த மார்ச்சில் தெளிவாகவில்லை. எல்லாரும் மாஸ்க் போட்டால் பலன் உண்டா என்பதற்கும் போதிய ஆதாரம் இல்லை. ஆய்வாளர் ‘ஆதாரம் இல்லை’ என்றால் ‘இன்னும் சோதித்து முடிக்கவில்லை’ என்று பொருள். நம் காதுக்கு வரும்போது அது ‘பிரயோஜனம் இல்லை’ என்று ஆகிவிட்டது. மருத்துவமனைகளுக்கே மாஸ்க் போதாத நேரம் அது. அந்தக் காரணத்தையும் சேர்த்தே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஜூன் 5 அன்று உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்குத் துணி மாஸ்க்கைப் பரிந்துரைத்தபோது, பலருக்கு அது பேச்சு மாறியதாகவே பட்டது.

இதைவிடப் பெரிய சறுக்கல் ஒன்று உண்டு. மார்ச் 28 அன்று அதே நிறுவனம், ‘உண்மை’ என்று தலைப்பிட்டு, கோவிட் காற்றில் பரவுவதில்லை என்று ட்விட்டரில் அறிவித்தது. 5 மைக்ரானைவிட (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிய துளிகள் ஒன்றிரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும் என்ற பழைய கணக்கை அன்று பலரும் நம்பியிருந்தார்கள். கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. 100 மைக்ரான் துளி ஆள் வாய் உயரத்திலிருந்து தரைக்கு வர 5 வினாடி போதும். 5 மைக்ரான் துளிக்கோ, அசையாத காற்றில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேசும்போதும் மூச்சு விடும்போதும் வெளிவருபவற்றில் பெரும்பாலானவை இந்தச் சின்னத் துளிகள்தான். எங்கள் பக்கம் பீடி சுற்றும் ஊர்கள் நிறைய. டீக்கடை பெஞ்சின் ஒரு முனையில் ஒருவர் பீடியைப் பற்றவைத்தால் மறுமுனையில் இருப்பவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். கிருமியும் ஏறக்குறைய அந்தப் புகை மாதிரிதான் வந்தது. கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்த நாம், ஜன்னலைத் திறக்க மறந்தோம்.

அந்த நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்த சௌம்யா சுவாமிநாதன், நம் சென்னைக்காரர், 2022 இறுதியில் பதவி விலகும்போது, காற்றில் பரவுவதை இன்னும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடத்தான் செய்தது.

சரி, தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் ஜனங்கள் நம்பிக்கை இழந்துவிட மாட்டார்களா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். ஒரு எண்ணோடு ‘இதிலிருந்து இது வரை’ என்று எல்லையும் சொன்னபோது நம்பிக்கை மிகக் கொஞ்சமே குறைந்தது. எல்லை சொல்லாமல், ‘கூடவோ குறையவோ இருக்கலாம்’ என்று வெறும் வார்த்தையில் சொன்னபோதுதான் கூடுதலாகச் சரிந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்துச் சம்சாரியிடம் மகசூல் கேட்டால் “ரெண்டு மூட்டை கூடும், ரெண்டு மூட்டை கொறையும்” என்பார். அவரை யாரும் பொய்யர் என்பதில்லை. “ஏதோ வரும், பாப்போம்” என்பவருக்குத்தான் கடன் கிடைக்காது.

இதற்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் நடந்த ஓர் ஆய்வில், தடுப்பூசியின் பாதகங்களைத் திறந்து சொன்னபோது போட்டுக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் குறைந்தார்கள். சுகாதாரத் துறை மேல் நம்பிக்கையோ கூடியது. மழுப்பலாகச் சொன்னதால் சம்மதம் கூடவில்லை, நம்பிக்கையும் போனது, சதிக்கதைகளும் பெருகின. அடுத்த கொள்ளைநோய்க்கும் இதே மக்களிடம்தான் வர வேண்டும் என்று நினைத்தால், நான் முதல் வழியைத்தான் எடுப்பேன்.

அப்புறம், அந்தப் பால் பாக்கெட். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கிருமி பட்ட பொருளை ஒரு தடவை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்றது. ‘கழுவுங்கள்’ என்று டிவியில் தினமும் கேட்ட ஆச்சிக்கு, ‘இனி வேண்டாம்’ என்ற செய்தி வந்து சேரவே இல்லை. போன மாதம் நான் சொன்னேன். “இத்தனை நாளா யாரும் சொல்லலியே ஏ” என்றாள். கையில் பாக்கெட், பக்கத்தில் சோப்புத் தண்ணீர்.