கன்சர்வேட்டரி: காப்பகமா, கண்ணாடி மாளிகையா?

ரொறன்ரோவில் முதியோர் சுற்றுலா ஒன்றுக்கான தமிழ் அறிவித்தலில், செடிகளைக் குளிரிலிருந்து காத்து வளர்க்கும் கண்ணாடிக் கட்டடமான அலன் கார்டன்ஸ் கன்சர்வேட்டரியை ‘அலன் தோட்டக் காப்பகம்’ என்று எழுதியிருந்தார்கள். இந்தப் பெயர்ப்பை நான் காண்பது முதல் முறையன்று. அதைப் படித்த மூதாட்டி ஒருவர், “அங்கை ஆரைத் தம்பி வச்சுப் பாக்கினம்?” என்று என்னிடம் கேட்டார். சிறுவர் காப்பகம், முதியோர் காப்பகம் என்றே கேட்டுப் பழகியவருக்கு வேறென்ன தோன்றும்?

‘பேணிக் காத்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல் கன்சர்வேட்டரி. உறைபனியில் தோடை, எலுமிச்சை மரங்கள் பட்டுப்போகாமல் ஐரோப்பியர் அவற்றை வைத்துக் காத்த கட்டடத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் இப்பெயர் வழங்கியது. இத்தாலியிலோ அதன் இனச்சொல் ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்தைக் குறித்து, அங்கே இசை கற்பிக்கப்பட்டதால் இசைக்கல்லூரிக்கும் பெயராயிற்று. வேரை மட்டும் பார்த்தால் காப்பகம் பிழையன்று. ஆனால் தமிழில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறொரு வீட்டில் குடியேறிவிட்டது.

கன்சர்வேட்டரியைக் கிரீன்ஹவுஸ் என்று கொண்டு ‘பசுமை இல்லம்’ என்பார் அதிகம். கிரீன்ஹவுஸ் என்பதில் உள்ள ‘கிரீன்’ கட்டடத்தின் நிறமன்று, குளிர்காலத்தில் உள்ளே வைத்துக் காக்கப்பட்ட பசுமை மாறாச் செடிகள் என்பதை அறியாமல் செய்த பெயர்ப்பு அது. ‘பசுமைக்குடில்’ என்பதோ, நெகிழித்தாள் போர்த்திக் குடைமிளகாயும் வெள்ளரியும் வளர்க்கும் அமைப்புக்கு உழவர்களிடையே நிலைத்துவிட்டது. அது அங்கேயே இருக்கட்டும். 1910இல் எழுந்த, இரும்புச் சட்டமும் கண்ணாடிக் குவிமாடமும் கொண்ட அலன் கார்டன்ஸின் நடுக்கூடத்தைக் குடில் என்று அழைக்க எப்படி மனம் வருகிறது? தை மாதப் பனியிலிருந்து உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது. துடைத்துவிட்டு நிமிர்ந்தால் தலைக்கு மேல் வாழையிலை. சில கதவுகள் தாண்டினால் கள்ளிகள் நிற்கும் வறண்ட கூடம்.

உதகைப் பூங்காவிலும் பெங்களூர் லால்பாக்கிலும் இத்தகைய கட்டடத்தை மக்கள் ‘கண்ணாடி மாளிகை’ என்றே நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கையில் இருக்கும் சொல்லை விட்டு அகராதியைத் துழாவுவது மொழிபெயர்ப்பாளரிடையே பெருகிவிட்ட கெட்ட பழக்கம். செடி என்ற குறிப்பு அதில் இல்லையே என்பார்க்கு, ‘தாவரக் கண்ணாடி மாளிகை’ என்று சேர்த்துக்கொள்ளத் தடையில்லை. உள்ளே உள்ள தனித்தனிக் கூடங்களுக்குப் பாலைமனை, மழைக்காட்டுமனை என்று நிலத்தை முன்வைத்தே பெயரிடலாம். நிலத்தை வகுத்து வாழ்வைப் பாடிய மொழிக்கு இது புதிதன்று.

அந்த அம்மாவிடம், “கண்ணாடி மாளிகை அம்மா, உள்ளுக்கு வாழையும் நிக்குது” என்றேன். “குலை போடுதோ?” என்று உடனே கேட்டார்.