ரூப்ரிக்: சொல்லும் பொருளும்

ஆசிரியர் பயிற்சிகளில் பெரும்பாலும் ‘ரூப்ரிக்ஸ்’ என்று பன்மையிலேயே இச்சொல் காதில் விழுகிறது. மாணவரின் வேலையை எந்தெந்தக் கூறுகளில் பார்ப்பது, ஒவ்வொன்றிலும் எது தொடக்கநிலை, எது தேர்ந்த நிலை என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் கட்டம்தான் ரூப்ரிக். கணக்குக்கு விடைக்குறிப்பு போதும். இணையத்தில் தகவல் தேடி, நான்கு பேர் சேர்ந்து ஒரு செயல்திட்டம் செய்தால் அதற்கு விடைக்குறிப்பு ஏது? ஆகவே, எண்மத் திறனையும் (டிஜிட்டல் திறன்; சிங்கப்பூரார் மின்னிலக்கத் திறன் என்பார்கள்) குழுத்திறனையும் மதிப்பிடும் இடங்களில் இச்சொல் தவறாமல் வந்துவிடுகிறது.

மூலம் லத்தீன். ‘ரூபர்’ என்றால் சிவப்பு. ‘ரூப்ரிக்கா’ என்றால் செங்காவி, நம் கோயில் மதில்களில் வெள்ளைப் பட்டைக்கு அடுத்து வரும் அதே நிறம். ரோமானியர் சட்டங்களின் தலைப்பைச் சிவப்பில் எழுதியதால் தலைப்புக்கே அப்பெயர் வந்தது. இடைக்காலக் கத்தோலிக்க வழிபாட்டு நூல்களில் குரு சொல்லவேண்டியது கறுப்பிலும் செய்யவேண்டியது சிவப்பிலும் இருக்கும். தலைப்பு என்ற பொருள், செயல்விதி என்ற பொருளாக நீண்டது அப்படித்தான்.

வகுப்பறைப் பொருள் 20ஆம் நூற்றாண்டினது. அதன் தேவையைக் காட்டியது 1961இல் அமெரிக்காவில் பால் டீடெரிக்கும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வு. 300 கட்டுரைகளை 53 பேர் படித்து 9 தரங்களில் ஒன்றை இட்டார்கள். எந்தக் கட்டுரைக்கும் ஐந்துக்குக் குறைவான வெவ்வேறு தரங்கள் விழவில்லை. 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் வாங்கின! ஒருவர் கருத்தைப் பார்த்தார், இன்னொருவர் எழுத்துப்பிழையைப் பார்த்தார், வேறொருவர் நடையைப் பார்த்தார். எதைப் பார்ப்பது என்று முதலிலேயே பேசிவைக்காவிட்டால் மதிப்பெண், திருத்துபவரின் ருசியாகிவிடும்.

கட்டத்தின் ஒரு வரிசையைப் பார்ப்போம். ஊர் ஏரியைப் பற்றிய எட்டாம் வகுப்புச் செயல்திட்டம். கூறு, ‘தகவல் மூலத்தைச் சோதித்தல்’. முதல் படி: தேடலில் முதலில் வந்ததை அப்படியே ஒட்டியிருக்கிறார். இரண்டாவது: எங்கிருந்து எடுத்தார் என்று குறிப்பிட்டிருக்கிறார். மூன்றாவது: எழுதியவர் யார், எந்த ஆண்டு என்றும் பார்த்திருக்கிறார். நான்காவது: ஏரியின் பரப்பளவை இரண்டு மூலங்கள் வெவ்வேறாகச் சொன்னபோது எதை ஏற்றார், ஏன் என்று எழுதியிருக்கிறார். இவற்றுக்குப் பதில் ‘சுமார், நன்று, மிக நன்று’ என்று போட்டால் அது ரூப்ரிக் ஆகாது, வெறும் மதிப்பெண் பங்கீடு. நம் பள்ளிகளில் அந்தப் பெயரில் சுற்றும் தாள்களில் பல இந்த ரகம்தான்.

குழுத்திறன் இன்னும் சிக்கலானது. கூகுள் டாக்ஸின் திருத்த வரலாற்றைத் திறந்தால் யார் எவ்வளவு தட்டச்சு செய்தார் என்று தெரியும். யோசனை யாருடையது என்று தெரியாது. வீட்டில் கணினி உள்ள பிள்ளையே பெரும்பங்கு ஆற்றியதாகத் தோன்றும். அமெரிக்கக் கல்லூரிகளுக்கென 2009இல் வெளிவந்த ‘வேல்யூ’ ரூப்ரிக்குகளில் குழுப்பணிக்கானது இதைக் கவனித்திருக்கிறது. தன் பங்கை ஆற்றுவது ஒரு கூறு, மற்றவர் பங்களிக்க வழிவிடுவது தனிக் கூறு, பூசல் வரும்போது நடந்துகொள்வது மற்றொன்று.

இனி தமிழ்ச்சொல். ‘மதிப்பீட்டு அளவுகோல்’ என்று எழுதுவோர் உண்டு. ஆனால் அளவுகோல் என்பது ‘மூலத்தைச் சோதித்தல்’ போன்ற ஒற்றைக் கூறுக்கே பொருந்தும். முழுக் கட்டத்துக்கும் அதையே வைத்தால் இரண்டும் குழம்பும். இலங்கை வழக்கிலுள்ள ‘புள்ளித்திட்டம்’ எதற்கு எத்தனை புள்ளி என்பதோடு நின்றுவிடுகிறது. ‘செந்தலைப்பு’ என்று வேர்ச்சொல்லைப் பெயர்த்தால் ஆசிரியருக்கு ஒன்றும் விளங்காது. என் தேர்வு ‘தரவிளக்க அட்டவணை’. தரமும் உண்டு, அதன் விளக்கமும் உண்டு. விளக்கம் எழுதாத தாளுக்கு இந்தப் பெயரைச் சூட்ட யாருக்கும் கை வராது. பேச்சில் நீளமாகப்பட்டால் ‘தரவிளக்கம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம்: “குழுப்பணிக்கான தரவிளக்கத்தை மாணவர்களுக்கு முதல் நாளே கொடுத்துவிட்டோம்.”