காற்று, கிரீம், சூரணம்: சிறுநீரகத்தை நம் உடம்பே தாக்கும் கதை

நவம்பர் பிறந்துவிட்டால் டெல்லியில் நம்மவர்கள் பேச்சு முழுக்க மூச்சைப் பற்றித்தான். ஆர்.கே.புரம் மலை மந்திர் படியேறும்போதே "ஏக்யூஐ பார்த்தேளா, நானூறைத் தாண்டியாச்சு" என்று காற்றுத் தரக் குறியீட்டில் ஆரம்பித்துவிடுவார்கள். நுரையீரலுக்காக இவ்வளவு கவலைப்படுகிற நாம், அதே காற்று சிறுநீரகம் வரைக்கும் கை நீட்டக்கூடும் என்பதை யோசிப்பதே இல்லை. மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி என்று ஒரு நோய் இருக்கிறது. பெரியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் கொட்டுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. நம் நோய் எதிர்ப்பு மண்டலமே சொந்தச் சிறுநீரகத்தின் மேல் பாய்வதால் வருவது. எதனால் பாய்கிறது என்பது கடந்த இருபது வருடங்களில்தான் பெருமளவு புரிந்திருக்கிறது, அதில் டெல்லியில் இருக்கும் நமக்குத் தெரிய வேண்டிய சங்கதி நிறைய இருக்கிறது.

முதலில் வடிகட்டி. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் குளோமெருலஸ்கள், அதாவது மெல்லிய ரத்தக் குழாய்ச் சுருள்கள் உண்டு. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன, அதில் பெரும்பகுதி உடம்புக்கே திரும்பிப் போய்விடுகிறது. ரத்தக் குழாயின் உள்சுவர், அதற்கு மேல் ஒரு சவ்வு, அந்தச் சவ்வை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கும் போடோசைட் செல்கள் என்று வடிகட்டியில் மூன்று அடுக்குகள். இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு போடோசைட்டின் கால்களும் பக்கத்துப் போடோசைட்டின் கால்களும் கோத்திருக்கும். இடுக்கு வழியாகத் தண்ணீரும் உப்பும் போகும், ஆல்புமின் மாதிரியான புரதம் போகாது. போடோசைட் ஒன்று செத்தால் அந்த இடத்தில் இன்னொன்று சுலபமாக முளைப்பதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

சரி, ஒரு ஆன்டிபாடி, அதாவது கிருமிகளைப் பிடிக்க நோய் எதிர்ப்பு மண்டலம் செய்யும் புரதம், ஏன் இந்தச் செல்லைத் தேடிப் போகிறது? 1959-ல் வால்டர் ஹேமன் என்பவர் எலிகளுக்கு எலிச் சிறுநீரகச் சாற்றையே ஊசி வழியாகச் செலுத்தி, மனிதர்களுக்கு வருவது போன்ற இதே நோயை வரவழைத்துக் காட்டினார். ரத்தத்தில் எங்கேயோ உருவான ஆன்டிபாடிக் கட்டிகள் மிதந்து வந்து வடிகட்டியில் சிக்கிக்கொள்கின்றன என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். 1978 வாக்கில் நடந்த சோதனைகள் அதைப் புரட்டிப் போட்டன. கட்டி வெளியிலிருந்து வரவில்லை, ஆன்டிபாடி நேராகப் போய்ப் போடோசைட்டின் மேலேயே உட்கார்கிறது. எலியில் அது உட்காரும் புரதத்தின் பெயர் மெகாலின். ஆனால் மனிதப் போடோசைட்டில் தேடினால் மெகாலினைக் காணோம், ஆராய்ச்சி அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

கதவைத் திறந்தது ஒரு பச்சைக் குழந்தை. பிறக்கும்போதே இந்த நோயோடு பிறந்த ஆண் குழந்தை; பாரிஸ் ஆராய்ச்சியாளர்கள் 2002-ல் அதன் காரணத்தை வெளியிட்டார்கள். நியூட்ரல் எண்டோபெப்டிடேஸ் என்ற புரதம் தாயின் உடம்பில் மரபிலேயே இல்லை, குழந்தைக்கு இருந்தது. முந்தைய கர்ப்பத்தில் அந்தப் புரதத்தைச் சந்தித்த தாயின் உடம்பு அதை அந்நியன் என்று முடிவுகட்டி ஆன்டிபாடி தயாரித்து வைத்திருக்க, அடுத்த கர்ப்பத்தில் அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் போடோசைட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மிக அரிதான சம்பவம்தான். ஆனால் மனிதரிலும் இது இப்படித்தான் நடக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி. அப்புறம் 2009-ல் பாஸ்டனில் பெக், சாலன்ட் குழுவினர் பெரியவர்களுக்கு வரும் நோயின் முக்கிய இலக்கைக் கண்டுபிடித்தார்கள்: பிஎல்ஏ2ஆர் என்ற புரதம். அவர்கள் பார்த்த 37 நோயாளிகளில் 26 பேரின் ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது.

ஆன்டிபாடி உட்கார்ந்த பிறகு நடப்பதுதான் சேதம். கிருமிகளைத் துளைத்துக் கொல்வதற்காக நம் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்று ஒரு புரதப் படை சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆன்டிபாடியைக் கண்டதும் அது அங்கே கூடி, கடைசியில் போடோசைட்டின் சுவரிலேயே துளை போடும் கூட்டமைப்பாகச் சேர்ந்துகொள்கிறது. செல் உடனே சாவதில்லை. காயம்பட்டு, உள் எலும்புக்கூடு குலைந்து, கோத்திருந்த கால்களை விட்டுவிடுகிறது. புரதம் ஒழுகத் தொடங்குகிறது. பயாப்ஸியில் எடுத்த திசுவை ஒளிரும் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், கறுப்புப் பின்னணியில் ஒவ்வொரு குழாய்ச் சுருளின் ஓரத்திலும் பச்சைப் பொடியைத் தூவிக் கோடு இழுத்த மாதிரி தெரியும். அந்தப் பச்சைப் புள்ளிகள் அத்தனையும் நம் உடம்பு தானே செய்து அனுப்பிய ஆன்டிபாடிகள்.

நோயாளிக்கு இதில் எதுவும் வலிப்பதில்லை, அதுதான் பெரிய சங்கடம். சிறுநீர் நுரைக்கும், ஃப்ளஷ் செய்த பிறகும் நுரை நிற்கும். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேலே ஆழமாகத் தடம் பதிந்திருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்லத்தான் மேலே வரும். நாள் ஒன்றுக்கு 150 மில்லிகிராமுக்குள் போக வேண்டிய புரதம் 3.5 கிராமைத் தாண்டிப் போகும்போது கொலஸ்ட்ரால் ஏறுகிறது, காலிலோ சிறுநீரகச் சிரையிலோ ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயமும் கூடுகிறது.

யாருக்கு வருகிறது? பிஎல்ஏ2ஆர் வகை ஆண்களுக்குப் பெண்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, பெரும்பாலும் நடுத்தர வயதில். மரபணுவுக்கும் பங்கு உண்டு. எச்எல்ஏ மரபணுக்கள்தான் எந்தப் புரதத் துண்டை நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கின்றன. 2011-ல் ஐரோப்பியர்களிடம் செய்த ஆய்வில், எச்எல்ஏ மரபணு ஒன்றிலும் பிஎல்ஏ2ஆர் மரபணுவிலும், அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளுமே ஆபத்து வடிவமாக உள்ளவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 78 மடங்கு என்று வந்தது. அப்படி இருந்தும் அந்த வடிவங்கள் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. மரபணு விறகை அடுக்கி வைக்கலாம், பற்றவைப்பது வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோவில்தான் காற்று வருகிறது. சீனாவில் 282 நகரங்களில் 11 வருடங்களில் எடுக்கப்பட்ட 71,151 சிறுநீரகப் பயாப்ஸிகளை அலசி 2016-ல் ஓர் ஆய்வு வெளியானது. மற்ற குளோமெருலஸ் நோய்கள் பெரிதாக மாறாதபோது மெம்பிரேனஸ் மட்டும் வருடத்துக்கு 13 சதவீதம் வீதம் ஏறியிருந்தது. பிஎம்2.5 நுண்துகள் கனமீட்டருக்கு 70 மைக்ரோகிராமைத் தாண்டிய இடங்களில், ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடுதலுக்கும் நோயின் வாய்ப்பு 14 சதவீதம் கூடியது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காற்றுதான் குற்றவாளி என்று நிரூபித்துவிடவில்லை. ஆனால் டெல்லியின் ஆண்டுச் சராசரி அந்த 70-ஐப் பல வருடங்களாகத் தாண்டியே நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5, நம் நாட்டு வரம்பு 40. என்னைக் கேட்டால் முழு நிரூபணம் வரும்வரை காத்திருக்க நமக்கு நேரமில்லை.

காற்றைவிடத் தெளிவாகப் பிடிபட்ட காரணம் பாதரசம். நெல்-1 என்ற இன்னொரு புரதத்தை இலக்காகக் கொண்ட வகை இது. கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை பார்த்த 22 மெம்பிரேனஸ் நோயாளிகளில் 15 பேருக்கு நெல்-1 வகை; அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். பாதரசம் மெலனின் உற்பத்தியைத் தடுக்கும், அதனால் சில வாரங்களில் நிறம் மாறுவது உண்மைதான். தோல் வழியாக உள்ளே போவதும் உண்மை. பெரும்பாலோருக்கு கிரீமை நிறுத்தியதும் புரதம் குறைந்தது. பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளையும் இதே வகையோடு இணைத்துச் சென்னையிலிருந்து 2022-ல் ஆய்வு வந்தது. நரம்பு எரிச்சலுக்குத் தரும் லிபோயிக் அமில மாத்திரை சாப்பிட்ட சிலருக்கும் நெல்-1 வகை வந்திருக்கிறது. சில புற்றுநோய்களோடும் அது சேர்ந்து வருவதால் மருத்துவர்கள் புற்றுநோய் இருக்கிறதா என்றும் தேடுவார்கள்.

இங்கே எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ஒன்று உண்டு. "என்ன மருந்து சாப்பிடறேள் மாமி?" என்று டாக்டர் கேட்டால் "ஒண்ணுமில்லை, பிபி மாத்திரை மட்டும்தான்" என்று பதில் வரும். ஊரிலிருந்து வந்த சூரணம், யாரோ கொடுத்த செந்தூரம், சரோஜினி நகரில் லேபிள் சரியாக இல்லாமல் வாங்கிய கிரீம் எதுவும் அந்தக் கணக்கில் வராது, ஏனென்றால் நம் வீடுகளில் அவற்றை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை.

சிகிச்சை நல்ல நிலையில் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்குத் தானாகவே அடங்கிவிடும், அதனால் லேசாக இருந்தால் பிபி மருந்தோடு காத்திருந்து பார்ப்பார்கள். ஆபத்து கூடுதலானவர்களுக்கு ஸ்டீராய்டும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் மாறி மாறித் தருவது பழைய வழி, ஆன்டிபாடி செய்யும் பி செல்களையே குறைக்கிற ரிட்டுக்சிமாப் புதிய வழி. 2019-ல் வெளியான சோதனையில் 24 மாத முடிவில் ரிட்டுக்சிமாப் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது, நோய் எதிர்ப்பை அடக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரின் எடுத்தவர்களில் 20 சதவீதம். ரத்தத்தில் ஆன்டிபாடி முதலில் இறங்கும். சிறுநீரில் புரதம் குறைய அதற்கு மேல் மாதங்கள் ஆகும், காயம்பட்ட போடோசைட்டுகள் தேற வேண்டுமே. ஆகவே ஆறு மாதத்தில் நுரை நிற்கவில்லை என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நுரையோ வீக்கமோ தொடர்ந்தால் சிறுநீரில் ஆல்புமின் பார்க்கச் சொல்லுங்கள், எந்த லேபிலும் கிடைக்கும் சாதாரணப் பரிசோதனைதான். நெஃப்ராலஜிஸ்டிடம் போகும்போது வீட்டிலுள்ள கிரீம் டப்பா, சூரணப் பொட்டலம், லேகிய பாட்டில், வைட்டமின் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.